யாருக்கு நம்பகமான யந்திரம்?

கதை, கவிதை, நாடகம் ஆகியவற்றையே விமர்சனத்துக்கு உரியனவாகக் கருதிப் பழகிவிட்டோம். ஆயின் இன்று நமது மாணவர் அடிக்கடி எதிர்கொள்ளும் எழுத்து எது என வினவின், அது எந்தப் புலவனும் இயற்றியதன்று. கணினித் திரையில் எழுந்து, ஏற்றுக்கொள்ளும் பொத்தானை அழுத்துமாறு கேட்கும் ஒப்பந்தமே அவ்வெழுத்து. படிக்காமலே கையொப்பமிடப்படும் அதனையும், அதன் பின்னே நிற்கும் பணிசெயல் முறைமையையும் ஒரு நூலை நோக்குமாறே நோக்குதல் தகும் என்பது எமது எண்ணம். சொல்லுக்குப் பொருள் யாது, அப்பொருளால் பயன் பெறுவோர் யாவர் என்பவையன்றோ விமர்சகன் கேட்கும் முதற் கேள்விகள்?

கண்டி நகரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பஸ் பயணத் தொலைவில், தேயிலை மலைகளுக்கிடையே உள்ள ஒரு பாடசாலையில் தமிழ் கற்பித்து வருகிறோம். அங்குள்ள கணினி அறையில் 14 யந்திரங்கள் உள்ளன. பழைய மாணவரும் நலன்விரும்பிகளும் கொடுத்தவை பல. கட்டுகஸ்தோட்டை வீதிக் கடையொன்றிற் பாவித்த பொருளாக வாங்கியவை சில. அனைத்தும் நன்கு இயங்குகின்றன. பிள்ளைகள் அவற்றிலே தட்டச்சுப் பழகுகின்றனர், கணக்கேடு அமைக்கின்றனர், பரீட்சைக்குரிய செய்முறைகளை முடிக்கின்றனர்.

இவ்வியந்திரங்களுக்கு அமெரிக்காவில் நாள் குறிக்கப்பட்டது. மைக்ரோசொப்ட் கம்பனி தனது விண்டோஸ் 10 முறைமைக்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திற்று. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11க்கு மாறுக என்பதே கட்டளை. அம்முறைமை வேண்டுவது 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பிடமும் மட்டுமாயின் எமது யந்திரங்களிற் பாதியேனும் தேறியிருக்கும். டி.பி.எம். 2.0 எனும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் புரொசசராயின் பெரும்பாலும் 2017இல் அறிமுகமான 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும் என அது விதிக்கிறது. இவ்விதியின் முன் எமது 14இல் ஒன்றும் தேறவில்லை. பால் கறக்கும் பசுவை அடிமாட்டுக்கு அனுப்பச் சொல்லும் நியாயம் இது.

இவ்விதியினால் உலகெங்கும் 24 கோடி வரையான கணினிகள் குப்பையாகலாம் என 2023இன் இறுதியிற் கனலிஸ் எனும் சந்தை ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. எமக்கு அதனிலும் அண்மையான கணக்கு ஒன்று உண்டு. 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், அவ்வாண்டு மே மாதமளவில் 360 ரூபாவை எட்டியதை எவரும் மறந்திருக்க முடியாது. புதிய கணினி என்பது அன்று முதல் எமது பெற்றோர் பேச்சிலேயே இல்லாத பொருளாயிற்று.

இனிச் சொற்களுக்கு வருவோம். டி.பி.எம். என்பதன் முதலெழுத்து 'நம்பகமான' எனும் பொருளுடையது. நம்புபவர் யார், நம்பப்படுபவர் யார் என்பதை அச்சொல் மறைத்து நிற்கிறது. எழுவாய் மறைந்த வாக்கியத்தைக் கண்டால் ஐயுறுக என்பது மொழியாசிரியன் மாணவர்க்குச் சொல்லும் பாடம். இச்சொல்லுக்குப் பின்னே ஒரு வரலாறும் உண்டு. 1999இல் இன்டெல் கம்பனி தனது பென்டியம் 3 புரொசசர் ஒவ்வொன்றிலும் ஒரு தொடரிலக்கத்தைப் பொறித்தது. ஒவ்வொரு யந்திரத்தையும், அதன்வழி ஒவ்வொரு மனிதனையும் அடையாளங் காண இது வழிசெய்யும் என மக்கள் எதிர்த்தனர். பின்வந்த புரொசசர்களில் இன்டெல் அதனைக் கைவிட்டது. 2002இல் மைக்ரோசொப்ட் 'பல்லேடியம்' எனும் திட்டத்தை வெளியிட்டபோது, இவ்வாறான கணினி அதன் சொந்தக்காரனுக்கன்றிக் கம்பனிக்கே பணியும் என ரிச்சர்ட் ஸ்டோல்மன் எழுதினார். 'நம்பகமான' என்னும் அடைமொழியைத் 'துரோகமான' என மாற்றியும் காட்டினார்.

நியாயம் கருதி ஒன்று சொல்ல வேண்டும். இச்சில்லு வெறும் வஞ்சகமன்று. களவுபோன மடிக்கணினியின் தகவல்களைத் திருடன் படிக்கவொட்டாது பூட்டி வைக்க அது உதவும். பாதுகாப்புத் திருத்தங்கள் அவசியமானவை என்பதும் மெய்யே. பூட்டு நல்லதே. திறப்புக் கொத்து எவர் இடுப்பிற் செருகப்பட்டிருக்கிறது என்பதையே நாம் கேட்கிறோம்.

அடுத்த சொல் 'அவசியமான' என்பது. யந்திரம் தன்னைப் பாவிப்போர் பற்றிய குறிப்புகளைக் கம்பனிக்கு அனுப்புகிறது. அவற்றை 'அவசியமானவை', 'விருப்பத்துக்குரியவை' என இரு கூறாக்கியுள்ளனர். சாதாரணப் பதிப்பைப் பாவிக்கும் ஒருவர் இரண்டாவதை நிறுத்தலாம்; முதலாவதை நிறுத்த வழி தரப்படவில்லை. யாருக்கு அவசியம்? நிறுவும்போது தோன்றும் திரைகளிலோ 'வேண்டாம்' எனும் சொல் அருமை. 'இப்போதைக்கு விடுக', 'மூன்று நாளில் நினைவூட்டுக' என்பனவே அதன் இடத்தில் நிற்கின்றன. கடன்காரன் வாசலில் நின்று பேசும் மொழி இது! விண்டோஸ் 10 அளவுக்கு மிஞ்சித் தகவல் திரட்டுவதாக 2016இல் பிரான்சிய அதிகாரசபை எச்சரித்ததையும், அது தமது சட்டத்தை மீறியதென 2017இல் நெதர்லாந்து அதிகாரசபை முடிவு செய்ததையும் இங்குக் குறிப்பிடலாம்.

நண்பர் சிலர், தனிமறைவு பற்றிய கவலை வயிறு நிறைந்த மத்தியதர வர்க்கத்தினது கவலை என்பர். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் காம்பிராவில் ஒரு குடும்பமே வாழும்போது தனிமறைவு ஏது என அவர்கள் கேட்கின்றனர். இக்கேள்வியை நாம் எளிதிற் புறந்தள்ளவில்லை. எனினும், பதிவேட்டின் கொடுமையை மலையகத் தொழிலாளியைப் போல் அறிந்தவர் யார்? 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை இத்தோட்டங்களில் 'துண்டு' முறை இருந்தது. தொழிலாளியின் கடனைக் குறித்த அந்தக் கடதாசித் துண்டு இன்றேல் அவன் வேறு தோட்டத்தில் வேலை பெற இயலாது. அவனைப் பற்றிய தகவல் அவன் கையில் இல்லை. தகவலின் கையில் அவன் இருந்தான். 1948இன் குடியுரிமைச் சட்டத்தின் பின்னரோ பத்திரமில்லாத இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1983 யூலையில் வன்முறைக் கும்பல்கள் வாக்காளர் பட்டியலுடன் வீடு தேடி வந்தமையைப் பல நூல்கள் பதிவு செய்துள்ளன. பட்டியல் தயாரித்தவர் அதனை இதற்காகத் தயாரிக்கவில்லை என்பது எரிந்த வீட்டுக்கு என்ன ஆறுதல்?

இந்நினைவுடனேயே 'ரீகோல்' எனும் வசதியை நோக்குகிறோம். 2024 மே மாதம் அறிவிக்கப்பட்ட இது, சில விநாடிகளுக்கு ஒருமுறை திரையைப் படம்பிடித்து, பின்னர் தேடிப் பார்க்கச் சேர்த்து வைப்பது. அச்சேமிப்பை யந்திரத்துள் நுழைந்த எவரும் எளிதிற் படிக்கலாம் எனப் பாதுகாப்பு ஆய்வாளர் வெளிப்படுத்தவே, யூனில் வரவிருந்தது பின்போடப்பட்டது; மறைகுறியாக்கப்பட்டு, விரும்பினோர் மட்டும் இயக்குவதாகத் திருத்தப்பட்டு 2025 ஏப்பிரலில் வந்தது. படங்கள் யந்திரத்தை விட்டு வெளியேறா எனக் கம்பனி கூறுகிறது. ஆகட்டும். ஆனால் நம் ஊரில் ஒரு கணினி ஒருவருக்குரியதன்று. அண்ணன் இயக்கி வைத்த யந்திரத்திலேயே தங்கை தன் துயரை எழுதுவாள். கணவன் இயக்கியதிலே மனைவி முறைப்பாடு எழுதுவாள். இவ்வசதி வேண்டும் விலையுயர்ந்த யந்திரங்கள் இன்று எமக்கு எட்டா என்பதும் ஆறுதலன்று. இன்று கொழும்பிற் புதிதாய் விற்பது, சில ஆண்டுகளிற் பாவித்த பொருளாக மலையேறி வரத்தான் போகிறது.

கம்பனியின் கருணையையும் சொல்லிவிடுவோம். பழைய முறைமையிலேயே இருக்க விரும்பும் தனியாளுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை ஓராண்டுத் தவணை அறிவிக்கப்பட்டது. விலை 30 டொலர். அல்லது கம்பனியின் கணக்கிற் புகுந்து யந்திர அமைப்புகளை அதனிடம் ஒப்படைத்தல். பணம் தா, அன்றேல் உன்னைத் தா என்பதே இதன் தமிழ். நுகர்வோர் அமைப்புகள் குரலெழுப்பிய பின் ஐரோப்பியருக்கு இந்நிபந்தனை தளர்ந்தது. இலங்கையில் 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. ஆயின் அதன் முக்கிய பிரிவுகள் நடைமுறைக்கு வரவிருந்த 2025 மார்ச் 18ஆம் திகதி ஒத்திவைக்கப்பட்டது. ஐரோப்பியன் பெற்ற தளர்வு ஆகாயத்திலிருந்து விழவில்லை. அங்கே சட்டம் இருந்தது, கேட்பதற்கு ஆளும் இருந்தது.

வேறு வழி இல்லையா? பேராதனையிற் கற்றோர் நாளும் கண்ட ஹந்தானை மலையின் பெயரையே தாங்கி, பெடோராவை அடியொற்றி, சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடமளித்து 'ஹந்தானை லினக்ஸ்' என்றொரு முறைமை இந்நாட்டிலேயே உருவாகியது. எமது வகுப்பிற் கேட்டபோது அப்பெயரை ஒருவரும் அறிந்திருக்கவில்லை. 2004இன் கடற்கோளின் பின் நம்மவர் ஆக்கிய 'சஹானா' எனும் அனர்த்த முகாமைத்துவக் கட்டற்ற மென்பொருள் பிறநாடுகளிலும் பயன்பட்டது. கேரளமோ தன் அரசாங்கப் பாடசாலைகளைக் கட்டற்ற முறைமைக்கே மாற்றிற்று. 2019இல் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளுக்கு உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட புதிய பதிப்பை வழங்கியது. ஆசிரியரைப் பல்லாண்டு பயிற்றியே அது முடிந்தது. வெறும் உற்சாகத்தால் அன்று.

எமது அனுபவமும் அதையே காட்டிற்று. விடுமுறையில் உயர்தர மாணவர் இருவருடன் சேர்ந்து 4 கணினிகளில் லினக்ஸை நிறுவினோம். மூன்று ஓடின, ஒன்றில் அச்சியந்திரம் இன்றும் அசையவில்லை. மேலிடத்துப் படிவங்களைத் திறந்தால் தமிழெழுத்துகள் சிதறுகின்றன. சிதறாத வடிவில் அனுப்புமாறு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. எஞ்சிய 10 யந்திரங்களும் பழைய முறைமையிலேயே இயங்குகின்றன. அவற்றுள் ஒன்றில் 612 பிள்ளைகளின் பெயர், முகவரி, பெற்றோர் தொழில் ஆகியவை அடங்கிய பதிவேடு உள்ளது. அதன் இணைய வயரைக் கழற்றி அலுமாரியிற் பூட்டியுள்ளோம்.