அடைத்த பெட்டியின் அழகு

வெறும் ஸ்பீக்கரை மேசைமேல் கிடத்தி ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தை ஓடவிட்டுப் பாருங்கள். கூம்பு துள்ளுவது கண்ணுக்குத் தெரியும். வலந்தலையின் சொற்களும் கேட்கும். தொப்பியின் கும்கி மட்டும் வராது. கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்னால் இழுக்கிறது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 11 அடிக்கு மேல்; அத்தனை நீண்ட அலை ஓரத்தைச் சுற்றி வந்து முன்பக்க ஒலியைத் தின்றுவிடுகிறது. அதே ஸ்பீக்கரை வட்டத் துளை அறுத்த ஓர் அகலப் பலகையில் பொருத்துங்கள், தொப்பி எழுந்து வரும். எத்தனை முறை செய்தாலும் எனக்குப் புல்லரிக்கும்.

பின்பக்க ஒலியை என்ன செய்வது? பெட்டி வகைகள் அத்தனையும் இந்தக் கேள்வியில் பிறந்தவை.

புதிதாகப் பெட்டி செய்ய வருகிறவர்களின் கண் பெரும்பாலும் குழாய் வைத்த பெட்டியின் மேல்தான் விழுகிறது. பெல் ஆய்வுக்கூடத்தின் ஆல்பர்ட் துராஸ் 1932-ல் காப்புரிமை பெற்ற வழி அது. கடத்தைத் தெரிந்தவர்களுக்கு அதன் சூட்சுமம் புதிதல்ல. பானைக்குள் இருக்கும் காற்று ஸ்பிரிங்போல விம்ம, வாயருகே இருக்கும் காற்று எடைபோல ஆடுகிறது; வித்வான் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் நாதத்தை வளைக்கிறார். பெட்டியிலும் அதுவே நடக்கிறது. சுருதி சேர்ந்த இடத்தில் கூம்பு ஏறக்குறைய அசையாமல் நிற்கும், குழாய் பாடும். அழகான காட்சிதான். ஆனால் அந்தச் சுருதிக்குக் கீழே கூம்புக்குப் பிடிமானம் போய்விடுகிறது, வெறுமனே உதறுகிறது. கொள்ளளவிலோ குழாயின் நீளத்திலோ கணக்குப் பிசகினால் எல்லாப் பாட்டிலும் ஒரே ஸ்வரம் உறுமும். இதற்கு நம்பகமான கணிதம் கிடைக்க, 1961-ல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் எழுதிய கட்டுரையும் 1970-களில் ரிச்சர்ட் ஸ்மால் செய்த ஆய்வுகளும் வர வேண்டியிருந்தது.

நான் அடைத்த பெட்டியின் கட்சி. 1954-ல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சூர் செய்ததை நினைத்தால் இன்றும் வியப்பு. அதுவரை கூம்பைத் திருப்பி இழுக்கும் வேலையைத் துணியும் விளிம்பும் செய்தன. பெரிய அசைவுகளில் அவை முரண்டு பிடிக்கும். அவர் அந்தப் பிடியைத் தளர்த்திவிட்டு, காற்றுப் புகாத சிறு பெட்டியின் காற்றையே ஸ்பிரிங்காக்கினார். காற்று அவற்றைவிடச் சீராக இழுக்கும். மாணவர் ஹென்றி க்ளாஸும் சேர, ஏ.ஆர்.-1 பிறந்தது. அலமாரி அளவு பெட்டி கேட்ட தாழ்ந்த ஒலி புத்தக அடுக்கில் வந்து உட்கார்ந்தது.

1970-களில் பி.பி.சி. தன் ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்.எஸ்.3/5ஏ-யும் அடைத்த பெட்டிதான். உள்ளே ஏறக்குறைய 5 லிட்டர். மெல்லிய பிர்ச் ப்ளைவுட். ஆழ்ந்த பேஸ் அதில் கிடையாது. பேச்சுக்குரலின் ஈரம் இருக்கிறது. எனக்கு அது போதும்.

முதல் பெட்டிக்கு ஸ்பீக்கர் வாங்கும்போது அதன் விவரத்தாளில் க்யூ.டி.எஸ். எண்ணைப் பாருங்கள். 0.4-க்கும் 0.7-க்கும் நடுவே இருந்தால் அடைத்த பெட்டிக்கு ஒத்துவரும். அதற்குக் கீழே இருப்பது பொதுவாகக் குழாய்க்கு ஆனது. கொள்ளளவு அரை லிட்டர் முன்னே பின்னே ஆனாலும் அடைத்த பெட்டி பொறுத்துக்கொள்ளும். பேஸும் பட்டென்று அறுந்துபோகாது: கீழே ஒவ்வொரு ஆக்டேவுக்கும் குழாய்ப் பெட்டி 24 டெசிபல் சரியும் இடத்தில் இது 12 டெசிபல்தான் சரியும்.

18 மி.மீ. ப்ளைவுட், மூட்டுகளில் தாராளமாகப் பசை, உள்ளே தளர்வாகப் பஞ்சு. எல்லாம் காய்ந்த பிறகு கூம்பை விரல்களால் மெல்ல அழுத்தி விடுங்கள். சட்டென்று துள்ளினால் எங்கோ காற்று கசிகிறது. தயங்கித் தயங்கி மேலெழுந்தால் பெட்டி அடைபட்டுவிட்டது. பிறகு அந்தத் தனி ஆவர்த்தனத்தையே மறுபடி போடுங்கள். கும்கி குழைந்து வரும்; இழுபடாமல் அடங்கும்; அடுத்த சொல் விழுமுன் ஒரு நிசப்தம் கேட்கும்.