சாமுண்டி மலையில் ஒரு ரோட்கிங்

இடது பக்கம் ஒரே லீவர். கிக்கரும் அதுதான், கியரும் அதுதான். உள்ளே தள்ளி மேலே திருப்பினால் கிக்கர். இன்ஜின் பிடித்ததும் முன்னால் சாய்த்துவிட்டால் கியர். மைசூரில் தன் 1988 மாடல் யெஸ்டி ரோட்கிங் மோட்டார் சைக்கிளை ஒருநாள் என்னிடம் கொடுத்த மெக்கானிக், "கியர் மாத்த கிளட்ச் பிடிக்கவே வேணாம் சார். லீவரை மிதிச்சாலே கிளட்ச் விட்டுக்கும்" என்றார். அரைமனதோடு மிதித்தேன். டொக்கென்று விழுந்தது கியர். ஜப்பான் வண்டிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த வசதி இங்கே இருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது.

ஒற்றை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 248.5 சிசி, 16 குதிரைத்திறன். இன்று 160 சிசி வண்டியே இந்தத் திறனைக் கொடுத்துவிடும். ஆனால் எங்கே கொடுக்கிறது என்பதில்தான் விஷயம். பிஸ்டனின் குறுக்களவு 65 மி.மீ., அது ஏறி இறங்கும் தூரம் 75 மி.மீ. அதனால் இன்ஜினை அலறவிடாமலேயே இழுவை வந்துவிடுகிறது. சாமுண்டி மலை ஏற்றத்தில் மூன்றாவது கியரில், பின்னால் ஆள் உட்கார்ந்திருக்க, ஆக்ஸிலரேட்டரை லேசாகத் திருகினால் போதும். இரண்டு சைலன்சரிலிருந்தும் தடதடவென்று வரும் சத்தம் பாறையில் பட்டுத் திரும்புகிறது. நந்தி சிலைக்குப் பக்கத்தில் நிறுத்தியபோது இறங்கவே மனம் வரவில்லை.

இறக்கம் வேறு கதை. டூ ஸ்ட்ரோக்கில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் இன்ஜின் வண்டியை அவ்வளவாகப் பிடித்து நிறுத்தாது. இருப்பதோ டிரம் பிரேக். வளைவு வருவதற்கு வெகு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயிலையும் அளந்து கலக்க வேண்டும்.

செக் நாட்டு ஜாவாவின் உரிமம் பெற்று, 1960-களின் தொடக்கத்தில் மைசூர் யாதவகிரியில் இரானி குடும்பத்தார் தொடங்கிய நிறுவனம்தான் ரோட்கிங்கைத் தயாரித்த ஐடியல் ஜாவா. 1973 முதல் யெஸ்டி என்ற பெயரில் வண்டிகள் வந்தன; ஈரானின் யாஸ்த் நகரை ஒட்டிய பெயர். எண்பதுகளில் டிவிஎஸ், ஹீரோ, பஜாஜ், எஸ்கார்ட்ஸ் என எல்லோருக்கும் ஒரு ஜப்பான் கூட்டாளி கிடைத்தார். 1985-இல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்ததும் வாங்குபவர் கேட்ட முதல் கேள்வி மைலேஜ். 250 சிசி டூ ஸ்ட்ரோக்கிடம் அதற்குப் பதில் இல்லை. புது இன்ஜின் என்றால் புது அச்சு, புது இயந்திரங்கள், பல ஆண்டு சோதனை. அந்தச் செலவை லட்சக்கணக்கான வண்டிகளில் பரப்பிவிட முடிந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள். மைசூர் ஆலை பழைய வடிவத்தையே மெருகேற்றிக்கொண்டிருந்தது; புகைக் கட்டுப்பாடும் இறுக, 1996-இல் மூடப்பட்டது. ரோட்கிங்கின் மேல் எனக்குள்ள பிரியமும் வருத்தமும் ஒரே இடத்திலிருந்து வருபவை: அந்த இன்ஜினை மாற்ற அவர்களிடம் வசதியிருந்திருந்தால், நான் மலையில் கேட்ட சத்தம் இருந்திருக்காது.

2022-இல் யெஸ்டி என்ற பெயர் திரும்பி வந்தது. 334 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக், லிக்விட் கூலிங். தினமும் ஓட்ட அதுவே சரி. பழையதுதான் வேண்டும் என்பவர்கள், ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு அந்த லீவரை நான்கைந்து முறை கிக்கருக்கும் கியருக்குமாக மாற்றிப் பாருங்கள். உள்ளே பற்கள் தேய்ந்திருந்தால் காலுக்கே தெரிந்துவிடும்.