விளக்கை நம்பாதீர்கள், பொத்தானை அழுத்துங்கள்

ஐந்து வாரமாக இந்த சாக்கெட் டெஸ்டர் என் சட்டைப்பையிலேயே இருக்கிறது. மூன்று பின், மூன்று விளக்கு, ஒரு பொத்தான். விலை சில நூறு ரூபாய். பிளக் பாயிண்டில் செருகினால், எந்தெந்த விளக்கு எரிகிறது என்பதை வைத்து பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கிறதா, எர்த் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

வந்த அன்றே வீட்டின் பதினான்கு பாயிண்டுகளிலும் செருகினேன். மூன்றில் எர்த் இல்லை. ஒன்றைக் கழற்றியபோது, பச்சை ஒயரை வெட்டிச் சுருட்டி சுவிட்ச் பெட்டிக்குள்ளேயே மடக்கி வைத்திருந்தது தெரிந்தது. எலக்ட்ரீஷியன்கள் சட்டையில் செருகி வைத்திருக்கும் ஸ்க்ரூடிரைவர் டெஸ்டர் பேஸ் எது என்று காட்டும். எர்த் அறுந்திருப்பதைக் காட்டாது. அன்று இரவு இந்தச் சின்னப் பொருளின் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

அந்த மரியாதை மூன்றாவது வாரம் ஆட்டம் கண்டது.

எங்கள் ஃபிரிட்ஜ் கதவைத் தொட்டால் முன்பெல்லாம் சுள்ளென்று இழுக்கும். சில வருடங்களுக்கு முன் ஓர் எலக்ட்ரீஷியன் வந்து பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டுப் போனார். “அதுக்கப்புறம் ஷாக்கே அடிக்கலப்பா” என்று அம்மா இன்றும் சொல்வார். டெஸ்டரும் அம்மா பக்கம்தான் நின்றது: அந்தப் பாயிண்டில் விளக்குகள் ‘எல்லாம் சரி’ என்றே எரிந்தன.

மூன்றாவது வாரம் மெயினில், மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. மாட்டினோம். அதுவரை தொடாமலிருந்த பொத்தானுக்கு அப்போதுதான் வேலை வந்தது. அழுத்தினால், பேஸிலிருந்து எர்த்துக்குக் கொஞ்சம் மின்சாரத்தை அது வேண்டுமென்றே கசியவிடும். போன மின்சாரம் நியூட்ரல் வழியே திரும்பாததால் ஆர்.சி.சி.பி. ட்ரிப் ஆக வேண்டும். ஹாலில் அழுத்தினேன், வீடு இருண்டது. படுக்கையறையிலும் அப்படியே. ஃபிரிட்ஜ் பாயிண்டில் அழுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அழுத்தினேன். ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது.

மெயினை அணைத்துவிட்டுக் கழற்றிப் பார்த்தால், பச்சை ஒயரே இல்லை. நியூட்ரல் திருகிலிருந்து எர்த் திருகுக்கு இரண்டு அங்குலக் கறுப்பு ஒயர் ஒன்று போயிருந்தது. சுள்ளென்பது நின்ற ரகசியம் இதுதான். எர்த் பின் நியூட்ரலோடு இணைந்திருப்பதால் விளக்குகளுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். பொத்தான் கசியவிடும் மின்சாரமும் அதே நியூட்ரலில் திரும்பிவிடுவதால் ஆர்.சி.சி.பி.க்கு வித்தியாசம் தெரியாது. அந்தப் பாயிண்டுக்கு வரும் நியூட்ரல் ஒயர் என்றைக்காவது கழன்றிருந்தால், ஃபிரிட்ஜுக்குள் போன பேஸ் திரும்ப வழியின்றி கதவுக்கே வந்திருக்கும். 230 வோல்ட். வெறுங்காலோடு தண்ணீர் பாட்டில் எடுக்கும் பிள்ளைகள் இருக்கிற வீடு இது. இத்தனை வருடம் ஆர்.சி.சி.பி.யும் இல்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

விளக்குகளின் மேல் இன்னொரு குறையும் உண்டு. எர்த் இருக்கிறதா என்று சொல்லும். எவ்வளவு நல்ல எர்த் என்று சொல்லாது. கரியும் உப்பும் போட்டு இறக்கிய எர்த் குழி கோடையில் காய்ந்து தடை ஏறினாலும் அவை அப்படியேதான் எரியும். வெறும் 20 ஓம் தடைக்கே, பழுதில் பாயும் மின்சாரம் 11.5 ஆம்பியரைத் தாண்டாது; 16 ஆம்பியர் எம்.சி.பி. விழாது. கருவியின் உடம்பில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். ஆர்.சி.சி.பி. மட்டுமே அங்கே காப்பாற்றும்.

சின்னக் குறைகளும் இருக்கின்றன. பின்கள் 6 ஆம்பியர் அளவு என்பதால், கீசரின் 16 ஆம்பியர் பாயிண்டுக்கு அடாப்டர் தேட வேண்டியிருந்தது. விளக்குக் குறிப்புகள் அச்சான ஸ்டிக்கரை என் கண்ணாடி போட்டும் படிக்க முடியவில்லை. பொத்தானை அழுத்தும் முன் கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள், வீடு முழுக்க மின்சாரம் போகும்.

வாங்கலாமா? வாங்கலாம், அந்தப் பொத்தானுக்காக. பொத்தான் இல்லாத மலிவு மாடல் வேண்டாம். உங்கள் வீட்டில் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் முதலில் அதை மாட்டுங்கள். பிறகு ஒவ்வொரு பாயிண்டிலும் அழுத்திப் பாருங்கள். விளக்கெல்லாம் சரியாக எரிந்தும் வீடு இருளாத பாயிண்ட் எதுவோ, அதை அன்றைக்கே கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.