புளிப்பில் இருக்கிறது ஊர்

திருக்கோவிலூரைத் தின்று பார்க்க வருகிறவர்கள் தென்பெண்ணைக் கரையிலிருந்து நடக்கத் தொடங்கலாம். ஆற்றுக்குள் கபிலர் குன்று நிற்கிறது. பறம்பு மலையில் உழாமலே விளையும் மூங்கிலரிசி, பலா, வள்ளிக்கிழங்கு, தேன் நான்கையும் மூவேந்தருக்குப் பட்டியல் போட்டுக் காட்டிய புலவர், கடைசியில் உயிர்விட்டதாகச் சொல்லப்படும் பாறை. அருகில் கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள ராஜராஜன் காலக் கல்வெட்டு, அவன் தாய் வானவன் மாதேவியோடு கபிலரையும் குறிப்பிடுகிறது. தீனிக்காக நடக்கிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

அங்கிருந்து உலகளந்த பெருமாள் கோயிலின் 192 அடி கோபுரத்தைப் பார்த்தபடி போனால் கடைத்தெரு. சாயங்கால பஜ்ஜியும் பரோட்டா சால்னாவும் நன்றாகவே இருக்கும். விழுப்புரத்திலும் அப்படித்தான் இருக்கும். இந்த மண்ணின் ருசி தெரிவது வெயில் ஏறும்போது, கூழ்வண்டியில்.

கூழுக்கு இரண்டு நாள் முன்பே வேலை ஆரம்பித்துவிடும். கேழ்வரகு மாவைக் கரைத்து இரவெல்லாம் புளிக்க விட வேண்டும். மறுநாள் நொய்யைக் குழைய வேகவைத்து, அதில் இந்தக் கரைசலை ஊற்றி, கட்டி தட்டாமல் கிண்டி, ஆறவைத்து உருண்டை பிடிக்க வேண்டும். அதற்கடுத்த நாள் மோரும் உப்பும் சேர்த்துக் கையால் கரைத்து, சின்ன வெங்காயம் தூவி, சொம்பில் தருவார்கள். நல்ல கூழில் புளிப்பு மூக்குக்கு முதலில் எட்டும், நாக்குக்குப் பிறகுதான். மூக்கைச் சுளிக்கவைத்தால் ஒரு பொழுது தாண்டிவிட்டது என்று அர்த்தம். புளிப்பே இல்லையென்றால் அது கூழல்ல, கேழ்வரகுக் கஞ்சி. காலையிலேயே மொத்தமாகக் கரைத்து வைத்திருக்கும் வண்டியை நான் தாண்டிப் போய்விடுவேன். கேட்ட பிறகு உருண்டையை எடுத்துக் கரைக்கிற கைதான் வேண்டும்.

தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், கொத்தவரங்காய் வத்தல், உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய மாங்காய், கருவாடு. ஒரு மடக்குக்கு ஒரு கடி, அவசரப்படக் கூடாது. நின்றுகொண்டேதான் குடிக்க வேண்டும். முதலாழ்வார்கள் மழையிரவில் சந்தித்த இடைகழியில் ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்பது இந்த ஊர்க் கதை. கூழ்வண்டிக் குடைநிழலிலும் அதே கணக்குதான்.

நொய்க்குப் பதில் சாமை போட்டால் கூழுக்கு வேறொரு கனம் வந்துவிடும். அதற்கு மேற்கே கல்வராயன் மலையைப் பார்க்க வேண்டும். வெள்ளிமலைப் பக்கத்து மலையாளிப் பழங்குடி மக்களின் பழைய தானியங்கள் சாமையும் தினையும் கேழ்வரகும். உமி நீக்கிய சாமையைத் தவிடு போகாமல் வைத்தால் சோறு லேசான பழுப்பாக இருக்கும், மணமும் நிற்கும். கடைகளில் கிடைக்கும் வெள்ளைச் சாமையில் அது இருப்பதில்லை. மலைச்சரிவில் இப்போது மரவள்ளி நிறைய. தென் அமெரிக்காவிலிருந்து வந்த கிழங்கு, இங்கே சேலம், ஆத்தூர் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. உப்புப் போட்டு அவித்துச் சுடச்சுடத் தந்தால் நான் வேண்டாம் என்பதில்லை. ஆனாலும் சாமை நின்ற இடத்தில் இதைப் பார்க்க மனசு முழுசாக ஒப்பவில்லை.

மலையடிவாரத்தில் கச்சிராயப்பாளையம், தென்பெண்ணைப் பக்கம் மூங்கில்துறைப்பட்டு, இரண்டிலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள். ஆகவே சாலையோரத்தில் கரும்புச்சாறு. இஞ்சியும் எலுமிச்சையும் கரும்போடு சேர்ந்தே நசுங்க வேண்டும். ஐஸ் வேண்டாம் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தம்ளரில் போட்ட பிறகு சொன்னால் கடைக்காரர் முறைப்பார்.