கொல்லிப்பாவைக்குக் குரல் தந்தவர் யார்?

எழுபது கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிச் சுற்றி ஏறினால்தான் எட்டிப் பிடிக்கலாம் நம் கொல்லிமலையை. மிளகு மூட்டை இறங்கும்; பலாப்பழம் இறங்கும்; வயலின் குழுவொன்று இங்கே ஏறி வந்ததாக நாம் கண்டதில்லை. ஆனால் சென்ற ஆண்டு நம் பள்ளி விழாவில் இருபது வயலின்கள் இழைந்தன, குழல் குழைந்தது, முழவு முழங்கியது, முகந்தெரியாப் பெண்ணொருத்தியின் குரல் உள்ளத்தை உருக்கியது. அத்தனையையும் ஒருவனாகவே அமைத்தவன் நம் மாணவன். அவன் வீட்டிலே கருவியென்று ஒன்றும் இல்லை. அண்ணனுடைய கைப்பேசி ஒன்றே அவனுக்கு யாழ், முழவு, அரங்கம், ஆசான் எல்லாம்.

தோளைத் தட்டிப் பாராட்டிவிட்டு, "பாடியது யாரப்பா?" என்று கேட்டோம்.

"தெரியாதுங்க ஐயா. அது அதுலயே இருந்துச்சுங்க" என்றான்.

அதிலேயே இருந்தது! ஒரு பெண்ணின் மூச்சு, அவள் தொண்டையின் பயிற்சி, அவள் கழித்த காலைப் பொழுதுகள் அனைத்தும் ஊரும் பேரும் இன்றி ஒரு பொறிக்குள்ளே 'இருந்தன'. இந்த ஒரு விடையைத்தான் இன்று திறனாய்ந்து பார்க்க விழைகிறோம்.

கைப்பொருள் இல்லாதவனும் இசையமைக்கலாம் என்ற நிலை நேற்றுப் பெய்த மழையில் முளைத்ததன்று. 1983இல் மின்னிசைக் கருவிகள் தம்முள் பேசிக்கொள்ள 'மிடி' என்னும் பொதுமொழி பிறந்தது. 1996இல் ஸ்டெயின்பெர்க் என்னும் ஜெர்மானிய நிறுவனம், கணிப்பொறிக்குள்ளேயே ஒலியைப் பதப்படுத்தும் ஏற்பாட்டைத் தந்தது. 1999இல் அந்த ஏற்பாடு, இசைக்கருவிகளையே கணிப்பொறிக்குள் குடியேற்றும் அளவுக்கு விரிந்தது. மெய்யான ஒரு கருவியின் ஓசையை, மெல்லத் தட்டியது வேறாக, வலிந்து தட்டியது வேறாகத் துணுக்குத் துணுக்காகப் பதிந்து அடுக்கி வைப்பர். நாம் திரையைத் தொட்டால் அவற்றுள் பொருத்தமானது எழுந்து ஒலிக்கும். மெய்நிகர் இசைக்கருவி எனப்படுவது இதுவே. மனிதர் எவரோ ஒருநாள் வாசித்ததன் சேமிப்பே அது, மாயமன்று, மந்திரமன்று.

"இதுவும் இசையா? பொறியின் இரைச்சல்!" என்று மூக்கைச் சுளிப்போர் உளர். அவர்களுடன் நாம் இல்லை. இன்று கச்சேரி மேடையிலே வீற்றிருக்கும் வயலின், கடல் கடந்து வந்த கருவியன்றோ? ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை வாயிற்படிக்கு வெளியே நிறுத்தி வைத்ததே, அதனால் ஆர்மோனியம் மாண்டதா? நாடகக் கொட்டகையிலும் நாட்டுப்புறத்திலும் வாழ்ந்துகொண்டுதான் இருந்தது. ஏ. ஆர். ரகுமான் 1989இல் கோடம்பாக்கத்துத் தம் வீட்டை ஒட்டி ஒலிப்பதிவுக் கூடமொன்றை அமைத்துக்கொள்ளாதிருந்தால், 1992இல் 'ரோஜா'வின் இசை அந்த வடிவில் நமக்குக் கிட்டியிருக்குமா? கருவிக்குத் தீட்டு இல்லை. தீட்டு கற்பித்தவன் மனிதன்.

இன்ன கருவியை இன்ன சாதியான் தொடுவான், இன்னான் தொட்டால் அது இசை, இன்னான் தொட்டால் அது வெறுங்கொட்டு என்று வகுத்து வைத்த நாடு இது. அந்த வேலியைக் கைப்பேசி அறியாது. விரல் எவருடையது என்று அது வினவுவதில்லை. மலைவாழ் சிறுவன் ஒருவன் முழுப் பண்ணிசைக் குழுவையே ஆளுகிறான் என்றால் அதனை வரவேற்கும் முதற்குரல் நம்முடையதாகவே இருக்கும்.

வரவேற்றோம், இனிக் குறையைச் சொல்வோம்.

பறையடிப்பவர் அடிக்குமுன் தீ மூட்டித் தோலைக் காய்ச்சுவார். தோல் தளர்ந்தால் ஓசையும் தளரும், மீண்டும் காய்ச்சுவார். நெருப்புக்கும் தோலுக்கும் கைக்கும் இடையே நடக்கும் அந்த உரையாடலே பறை. பொறிக்குள் இருக்கும் பறையோ எப்பொழுதும் ஒரே பதம்! நாகசுரக்காரர் சீவாளியை உதட்டில் வைத்து, ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையே ஊசலாடி உலவுகிறார். நம் பண்களின் உயிர் அந்த ஊசலில்தான் இருக்கிறது. பன்னிரண்டு கட்டைகளாக வெட்டி வைத்த பலகையிலே அந்த இடைவெளி தானாக வருவதில்லை. வளைப்பதற்கென்று ஏற்பாடு இருக்கிறது. ஆனால் எங்கே வளைக்க வேண்டும் என்பதைக் காது அறிந்திருக்க வேண்டும். ஆகவே மாணவனுக்குச் சொன்னோம்: "பொறியைப் பழகு, ஆனால் மெய்யான மேளத்தின் அருகே ஒருநாள் உட்கார்ந்து கேள். கேளாத காது கட்டளையிட்டால் கருவி கிளிப்பிள்ளையாகத்தான் பேசும்."

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. பறையடித்தவனைச் சேரிக்கு ஒதுக்கிய ஊர், இன்று அவன் அடித்த அடியைத் திரையில் தட்டித் தட்டிக் களிக்கிறது. ஓசை ஊருக்குள் வந்துவிட்டது. ஓசைக்கு உரியவன் வந்தானா? அவன் பெயர் வந்ததா? கூலி வந்ததா?

நம் பழந்தமிழர் இதில் நமக்கு ஆசிரியராக நிற்கின்றனர். இதே கொல்லிமலையின் தலைவன் வல்வில் ஓரியைப் பாடிய வன்பரணர், புறநானூற்று 152ஆம் பாட்டிலே முழவு, யாழ், தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை எனக் கருவிகளைத் தனித்தனியே பெயர் சொல்லி இயக்கப் பணிக்கிறார். பாடி முடித்த கூட்டத்துக்கு ஓரி மானிறைச்சியும் பொன்னும் மணியும் ஈந்தான். இளங்கோவடிகளோ அரங்கேற்று காதையிலே மாதவியின் ஆடலை மட்டும் பேசி அமையவில்லை. இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொருவர் தகுதியையும் நிறுத்தி எழுதினார். கலை என்றால் கலைஞனும் கூடவே நிற்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட முறை. 'அதிலேயே இருந்தது' என்னும் விடைக்கு அங்கே இடமில்லை.

அந்தப் பழம்பாடல்களிலேயே இன்னொன்றும் இருக்கிறது: கொல்லிப்பாவை. கண்டாரை மயக்கும் பேரழகு. ஆனால் செய்து வைத்த உரு. காற்று மோதினும், இடி இடிப்பினும், நிலம் அதிரினும் தன் வனப்புக் குன்றாதது என்று நற்றிணை அதனைப் பேசும். இன்று பொறிகள் வனையும் குரலும் அத்தகைய பாவைதான். சளி பிடிப்பதில்லை, களைப்பதில்லை, மூப்பதில்லை.

2004இல் யமஹா நிறுவனத்தின் 'வோக்கலாய்டு' வெளிவந்தது. எழுதிக் கொடுத்ததைப் பாடும் பொறி அது. அதனைக் கொண்டு 2007இல் ஜப்பானில் ஹட்சுனே மிக்கு என்னும் குரற்பாவை பிறந்தது. அதற்குக் குரல் தந்தவர் சாகி ஃபுஜிதா என்னும் நடிகை, அது வெளிப்படை. பாவையைப் பாவையென்றே சொல்லி விற்றார்கள், ஏமாந்தவர் எவருமில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 2024இல் வெளிவந்த 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாடலிலே, 1997இல் மறைந்த சாகுல் ஹமீதும் 2022இல் மறைந்த பம்பா பாக்யாவும் செயற்கை நுண்ணறிவின் துணையால் மீண்டும் 'பாடினர்'. இரு குடும்பத்தாரின் இசைவும் பெற்று, உரிய பணமும் அளித்ததாக ரகுமான் அறிவித்தார். அந்த நேர்மையை மனமாரப் பாராட்டுகிறோம். அதே ஆண்டில், எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் குரலை இசைவின்றிச் செயற்கையாக்கிப் பயன்படுத்தியதாக, 'கீடா கோலா' என்னும் தெலுங்குப் படத்தினர்மீது அவர் மகன் சட்ட அறிவிக்கை விடுத்ததையும் எண்ணிப் பார்த்தால், இசைவு கேட்பதன் அருமை விளங்கும்.

எனினும் பாடலைப் பாடலாகக் கேட்போம். 1993இல் 'திருடா திருடா' படத்தில், பெரிதும் மனிதக் குரல்களையே துணையாகக் கொண்டு சாகுல் ஹமீது பாடிய 'ராசாத்தி' பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லின் முடிவிலே மூச்சை எங்கே விடுவது, எங்கே விம்முவது என்று அவரே முடிவு செய்தார். புதிய பாடலில் நாம் கேட்பது அவர் குரலின் நிறம். அவர் முடிவு அன்று. இத்தகைய குரல்மாற்று முறையில் உயிரோடிருக்கும் ஒருவர் முதலில் முழுதும் பாட, அதன்மேல் மறைந்தவரின் குரல்நிறத்தைப் பொறி ஏற்றுவதே வழக்கம். நிறம் ஒருவருடையது, மூச்சு மற்றொருவருடையது. அப்படியானால் மூச்சுத் தந்தவர் பெயர் எங்கே? மறைந்தவருக்குச் செய்யும் சிறப்பு, இருப்பவரை மறைப்பதாக முடியலாமா? குடும்பத்தார் இசையலாம், பாடகர் இசைந்தாரா என்று யார் சொல்வார்? நன்கு செய்த வேலையிலும் விடை கிடைக்காத வினாக்கள் இவை.

சட்டம் மெல்ல விழித்துக்கொண்டிருக்கிறது. பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கிலே, ஒருவர் குரலை அவர் இசைவின்றிச் செயற்கையாகப் படைப்பது அவர் உரிமையை மீறுவதாகும் என 2024 ஜூலையில் பம்பாய் உயர்நீதிமன்றம் கருதியது. புகழ் பெற்றவருக்கு நீதிமன்றம் உண்டு. 'அதிலேயே இருந்த' பெயரற்ற பெண்ணுக்கு யார் உண்டு?

ஆகவே நாம் வேண்டுவது மூன்றே. ஒன்று: குரல் துணுக்குகளை விற்போர், பாடியவர் பெயரையும் அவருடன் செய்த உடன்பாட்டையும் கூடவே வெளியிடுக. இரண்டு: குரலை மாற்றியமைத்தால், நிறம் தந்தவர் பெயரோடு மூச்சுத் தந்தவர் பெயரையும் எழுதுக. மூன்று: வீட்டில் இசையமைக்கும் இளைஞர்காள்! பெயர் தெரியாத குரலை எடுக்குமுன் உங்கள் தெருவில் பாடுவோர் எவரேனும் உண்டா என்று கேளுங்கள்.

இந்த மூன்றாவதை நம் மாணவன் செய்து பார்த்தான். பெயரற்ற குரலை நீக்கிவிட்டு, சாமை வயலில் பாடிக்கொண்டே களையெடுக்கும் தன் அத்தையைப் பாடச் சொல்லிப் பதிந்தான். பள்ளிப்படி ஏறாத அந்த அம்மையார் பாடி முடித்ததும் கைப்பேசியை ஒருமுறை உற்றுப் பார்த்தாராம். பிறகு கேட்டாராம்: "ஏங் கண்ணு, இத வச்சு நாம் பாடாததயும் பாடுனதா ஆக்கிருவியா?"

"மாட்டேன் அத்தை" என்று சொல்லிவிட்டு வந்ததாக நம்மிடம் கூறினான். பாடலின் தலைப்பிலே தன் பெயருக்கு மேலே அத்தையின் பெயரை எழுதியிருந்தான்.

அந்த அம்மையார் கேட்ட கேள்வியை ஒவ்வொரு பொறியின் வாயிலிலும் எழுதி வைக்க வேண்டும். அதற்கு அந்தச் சிறுவன் சொன்ன விடையைப் பெரியவர்களும் சொல்லட்டும்; சொன்னபடி நிற்கட்டும்.