எச்சில் இலையிலிருந்து எரிவாயு

இரவு பதினோரு மணிக்கு மேல் நம் ஊர் உணவகங்களின் பின்வாசலுக்குப் போனால் நீல நிற டிரம்கள் வரிசையாக நிற்கும். மிஞ்சிய சோறு, ஊசிப்போன சாம்பார், பாதி கடித்த வடை, எலும்பு, வாழை இலை, பிழிந்த எலுமிச்சை மூடி எல்லாம் அதற்குள் கிடக்கும். கூடவே பார்சல் கவரும் டீ கப்பும் பல்குச்சியும் சேர்ந்துகொள்ளும். ஒரு காலத்தில் இந்த டிரம்களைத் தேடி மாட்டுக்காரர்களும் பன்றி வளர்ப்பவர்களும் வந்தார்கள். சில ஊர்களில் இன்றும் வருகிறார்கள். அவர்கள் எடுத்ததுபோக மீதியெல்லாம் லாரி ஏறிக் குப்பைக் கிடங்குக்குப் போகிறது.

உலக அளவில் இது எவ்வளவு பெரியது என்பதை ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கை காட்டுகிறது. 2022ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 105 கோடி டன் உணவு வீணானது. தோல், எலும்பு போன்ற உண்ண முடியாத பகுதிகளும் இதில் அடக்கம். மொத்தத்தில் 28 சதவீதம் உணவகங்கள், விடுதிகள், கேன்டீன்கள் போன்ற இடங்களிலிருந்து வந்தது. அதாவது ஏறத்தாழ 29 கோடி டன்.

இந்தக் கழிவைக் காற்றுப் புகாத தொட்டியில் நொதிக்கவைத்து எரிவாயு எடுக்கலாம் என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. மாட்டுச் சாணம் போடும் கிராமத்து கோபர் கேஸ் தொட்டியில் நடப்பதும் இதே வேலைதான். ஒரு நுண்ணுயிர்க் கூட்டம் மாவையும் புரதத்தையும் கொழுப்பையும் கரைக்கிறது. அடுத்தடுத்த கூட்டங்கள் அவற்றை அமிலங்களாக மாற்றுகின்றன. கடைசியாக வரும் நுண்ணுயிர்கள் அந்த அமிலத்திலிருந்து மீத்தேனை உண்டாக்குகின்றன. வெளிவரும் வாயுவில் பாதிக்கு மேல் மீத்தேன். மீதி பெரும்பாலும் கரியமில வாயு. 35 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் இவை சுறுசுறுப்பாக இயங்கும். குளிர்நாடுகளில் தொட்டியைச் சூடாக்கவே எரிபொருள் செலவாகிறது. நமக்கு அந்தச் செலவை வெயில் பெருமளவு மிச்சப்படுத்திவிடுகிறது.

சாணத்தைவிட உணவுக் கழிவு வாயுவை அதிகமாகத் தருவதற்குக் காரணம் எளியது. சாணம் என்பது மாடு தனக்கு வேண்டிய சத்தையெல்லாம் எடுத்துக்கொண்ட பிறகு விட்ட மிச்சம். சோற்றிலோ சத்து முழுசாக இருக்கிறது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டுதான் புனேயின் ஆர்ட்டி நிறுவனத்தில் ஆனந்த் கர்வே வீட்டு அளவிலான சிறிய கலனை உருவாக்கினார். அந்த நிறுவனத்துக்கு 2006இல் பசுமை எரிசக்திக்கான ஆஷ்டன் விருது கிடைத்தது. மறு ஆண்டே திருவனந்தபுரத்தின் பயோடெக் நிறுவனமும் அந்த விருதைப் பெற்றது. டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய நிசர்க்ருணா முறை இன்னும் ஒரு படி முன்னே போகிறது. கழிவை அரைத்து, வெந்நீர் கலந்து, முதல் தொட்டியில் காற்றோடு சிதையவிட்டு, அதன் பிறகே மீத்தேன் தொட்டிக்கு அனுப்புகிறார்கள். கேன்டீன்களுக்கும் மாணவர் விடுதிகளுக்கும் பொருந்தும் முறை இது.

ஆகவே அறிவியலில் சந்தேகமில்லை. இந்த முறைக்கு எதிலிருந்து மதிப்பு வருகிறது என்பதில்தான் பெரிய குழப்பம் இருக்கிறது.

நாளொன்றுக்கு 100 கிலோ உணவுக் கழிவு சேரும் ஓர் உணவகத்தை எடுத்துக்கொள்வோம். நன்றாக இயங்கும் கலனில் அதிலிருந்து சுமார் 10 கனமீட்டர் வாயு வரும். அது நாலு, நாலரை கிலோ எல்.பி.ஜி.க்கு ஈடு. 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்றை மிச்சம்பிடிக்க நாலைந்து நாள் கழிவு வேண்டும். அவ்வளவு கழிவு சேரும் உணவகத்தின் அடுப்புகளுக்கு நாளொன்றுக்கே ஒரு சிலிண்டர் போதாமல் போகலாம். தொட்டி கட்டும் செலவு, அரவை இயந்திரம், அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளின் சம்பளம், அது பிடித்துக்கொள்ளும் இடம் ஆகியவற்றைக் கூட்டிப் பார்க்கும் எந்த முதலாளிக்கும் இந்தக் கணக்கு இனிக்காது. சிலிண்டர் செலவே இருக்காது என்று விற்பனைப் பேச்சில் சொல்லப்படுவதை நம்பி வாங்கியவர்கள் ஆறே மாதத்தில் கலனை மூடிவைப்பதற்கு இதுவே முதல் காரணம்.

இதே 100 கிலோ குப்பைக் கிடங்குக்குப் போனால் என்ன நடக்கும் என்று கேட்கும்போது கணக்கு தலைகீழாக மாறுகிறது. கிடங்கின் அடியிலும் காற்று இல்லை. அங்கேயும் மீத்தேன் உருவாகும். ஆனால் பிடித்துவைக்க யாரும் இல்லாமல் வானத்தில் கலக்கும். நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப் போல 28 மடங்கும், இருபதாண்டுக் கணக்கில் சுமார் 80 மடங்கும் பூமியைச் சூடாக்கும். மலையாகக் குவிந்த குப்பையில் தீ பிடித்தால் அதற்கு எரிபொருளாவதும் இந்த வாயுதான். சென்னை பெருங்குடிக் கிடங்கு 2022 ஏப்ரல் இறுதியில் எரிந்தபோதும், கொச்சி பிரம்மபுரம் 2023 மார்ச்சில் நாட்கணக்கில் புகைந்தபோதும் அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் கிடங்கை ஒட்டி வாழும் மக்கள். ஈரக் கழிவு அங்கே போகாமல் தடுக்கப்படுவதுதான் இந்த முறையின் முதல் பயன். எரிவாயு அதன் பிறகு வரும் வரவு. முதல் பயன் ஊருக்குக் கிடைக்கிறது. செலவு உணவகத்தின் தலையில் விழுகிறது. இந்த முரணைத் தீர்க்காமல் எத்தனை தொட்டி கட்டினாலும் நிலைக்காது.

நிலைக்காமல் போனதற்கு லக்னோ சாட்சி. 5 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் நோக்கத்தோடு அங்கே 2003இல் பெரிய ஆலை ஒன்று எழுந்தது. எந்திரங்களில் குறை இல்லை. ஆனால் வந்து சேர்ந்த குப்பையில் மண்ணும் கல்லும் கட்டட இடிபாடும் கலந்திருந்தன. ஆலை நெடுநாள் ஓடவில்லை. பெங்களூரில் வார்டு அளவில் கட்டப்பட்ட 5 டன் ஆலைகளிலும் பல முடங்கிக் கிடந்தன.

இந்தூர் வேறு வழியில் போனது. 2022 பிப்ரவரி 19 அன்று திறக்கப்பட்ட அந்நகரின் ஆலை நாளொன்றுக்கு 550 டன் ஈரக் கழிவை வாங்கி, 17,000 கிலோ வரை வாகன எரிவாயுவும் 100 டன் உரமும் தருமாறு வடிவமைக்கப்பட்டது. ஆனால் ஆலையைப் பார்த்துவிட்டு வரும் நகராட்சிக் குழுக்கள் வீதியையும் பார்க்க வேண்டும். அங்கே குப்பை வண்டிக்குள் ஆறு வகையாகப் பிரித்துப் போடும் அறைகள் இருக்கின்றன. ஆலை கட்டுவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே குப்பையைப் பிரித்துக் கொடுக்கும் பழக்கத்தை ஊர் முழுக்க உண்டாக்கியிருந்தார்கள். உருவாகும் எரிவாயுவில் குறைந்தது பாதியை மாநகராட்சியே வாங்கிக்கொள்ளும் என்று ஒப்பந்தமும் போட்டார்கள். நகரப் பேருந்துகள் அதில் ஓடுகின்றன. மூலப்பொருள் சுத்தமாக வரும், விளைபொருளுக்கு ஆள் உண்டு என்ற இரண்டும் உறுதியான பிறகே தொட்டி வந்தது. மற்ற ஊர்கள் பெரும்பாலும் தொட்டியிலிருந்து தொடங்குகின்றன.

இன்னொரு கணக்கும் இந்தூர் எண்களில் ஒளிந்திருக்கிறது. ஒரு டன் கழிவிலிருந்து அங்கே எதிர்பார்க்கப்படும் வாகன எரிவாயு சுமார் 31 கிலோ. ஒரு டன் உணவை விளைவிக்கவும் ஏற்றி வரவும் சமைக்கவும் செலவாகும் நீர், உரம், டீசல், உழைப்பு ஆகியவற்றுக்கு முன்னால் இது மிகச் சிறிய மீட்பு. அதனால்தான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023இல் திருத்திய வரிசையில் வீணாக்காமல் தடுப்பதும், உண்ணத் தகுந்ததை மக்களுக்குக் கொடுப்பதும் மேலே நிற்கின்றன; எரிவாயு எடுப்பது அவற்றுக்குக் கீழேதான் வருகிறது. கல்யாண மண்டபத்தில் கைபடாமல் மிஞ்சிய பிரியாணி அண்டா நேராகத் தொட்டிக்குப் போனால் அது சாதனை ஆகாது. பின்கட்டில் ஒரு கலன் இருக்கிறது என்ற துணிச்சலில் சமையல் அளவு கூடிவிடும் ஆபத்தும் உண்டு.

நம் சமையலறைக்கென்றே சில சிக்கல்கள் இருக்கின்றன. இந்தத் தொட்டியை ஒரு வயிறாக நினைத்தால் அவை எளிதில் புரியும். சோறும் இட்லி மாவும் விரைவாகப் புளிக்கும். அமிலம் வேகமாகச் சுரக்க, அதைத் தின்று மீத்தேன் ஆக்கும் நுண்ணுயிர்களோ மெதுவாகப் பெருகும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் கழிவு முழுவதையும் திங்கட்கிழமை காலையில் ஒரே மூச்சில் கொட்டினால் தொட்டி புளித்து வாயு நின்றுபோகும். கறி, மீன் மிகுந்தால் அம்மோனியா சேர்ந்து வேறு வகையில் முடக்கும். வாழை இலை நார் மிகுந்தது. அரைக்காமல் போட்டால் மேலே மிதந்து ஆடை கட்டிக்கொள்ளும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் உள்ள எண்ணெய் நுண்ணுயிர்களுக்கு ஆகாது. பொரித்த எண்ணெயைப் பயோடீசலுக்குத் தனியே கொடுத்துவிடுவதே நல்லது. எலும்பும் முட்டை ஓடும் அடியில் தங்கி இடத்தை அடைக்கும். இத்தனையும் தெரிந்த ஒருவர் அன்றாடம் பார்த்துக்கொண்டால் கலன் பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் பாத்திரம் கழுவுகிறவரிடமோ மேஜை துடைக்கிறவரிடமோ கூடுதல் சம்பளமும் பயிற்சியும் இல்லாமல் வந்து விழுகிறது. முறை தோற்றால் பழியும் அவர் மேல்தான்.

அவருடைய உயிர் பற்றியும் பேச வேண்டும். இந்த வாயுவில் சிறிதளவு ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது; ஆள் சுருண்டு விழுவார். அடைப்பை எடுக்கத் தொட்டிக்குள் மனிதரை இறக்குவது எந்த நிலையிலும் கூடாது. கழிவுநீர்த் தொட்டிகளில் இத்தனை பேரைப் பறிகொடுத்த நாட்டில் இதைச் சட்டமாக மட்டும் வைத்திருந்தால் போதாது. தொட்டியை வடிவமைக்கும்போதே ஆள் இறங்கத் தேவையில்லாதபடி கட்ட வேண்டும்.

வாயுக் கசிவும் சின்ன விஷயமல்ல. கிடங்கில் வெளியேறும் மீத்தேனைத் தடுக்கத்தான் கலன் வைக்கிறோம். குழாய் இணைப்பிலும் விரிசல் விட்ட மூடியிலும் அதே மீத்தேன் ஒழுகினால் பயனில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். பயன்படுத்த முடியாத வாயுவை எரித்து அழிக்கும் வசதியாவது ஒவ்வொரு கலனிலும் இருக்க வேண்டும். விலையைக் குறைக்க முதலில் வெட்டப்படுவது அதுதான்.

வாயு போன பிறகு மிஞ்சும் கரைசல் வயலுக்கு நல்ல உரம். கழிவில் இருந்த தழை, மணி, சாம்பல் சத்துகள் பெரும்பாலும் அதிலேயே தங்கிவிடுகின்றன. ஆனால் உள்ளே போன எடையில் பெரும்பகுதி நீராக வெளியே வரும். தி.நகரிலோ மதுரை டவுன்ஹால் ரோட்டிலோ அதைக் கொட்ட வயல் ஏது? சாக்கடையில் விட்டால் வாயுவாக மிச்சம்பிடித்ததை நீர்மாசாகத் திருப்பிக் கொடுத்ததாகிவிடும். கிராமத்தில் எளிதாக வென்ற கோபர் கேஸ் நகரத்தில் தடுமாறும் இடம் இது.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் உணவகங்கள் தம் மட்கும் கழிவை முடிந்தவரை தம் வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்றன. நோக்கம் சரி, எல்லாருக்கும் ஒரே வழி என்பது சரியில்லை. கல்லூரி விடுதி, மருத்துவமனை, தொழிற்சாலைக் கேன்டீன், கோயில் அன்னதானக் கூடம் போன்றவற்றில் கழிவு அன்றாடம் ஒரே அளவில் சேர்கிறது. இடமும் தோட்டமும் இருக்கின்றன. அங்கே சொந்தக் கலன் பொருந்தும். இருபது மேஜை மெஸ்ஸுக்கும் கையேந்தி பவனுக்கும் அது சுமை. அவர்கள் பிரித்துக் கொடுக்க, தனி வண்டி எடுத்துப்போய், சாணத்தோடோ கழிவுநீர்க் கசடோடோ கலந்து நொதிக்கவைக்கும் பொது ஆலைதான் அவர்களுக்கு ஏற்றது. அப்படிக் கலக்கும்போது தொட்டி புளித்துப்போகும் ஆபத்தும் குறைகிறது.

பணம் எங்கிருந்து வரும் என்பதற்கும் விடை இருக்கிறது. ஒரு டன் குப்பையைக் கிடங்குக்கு ஏற்றிப்போகவும், பிறகு அந்த மலையைத் தோண்டிப் பிரிக்கவும் உள்ளாட்சிகள் ஏற்கெனவே செலவழிக்கின்றன. கிடங்குக்கு வராமல் தடுக்கப்பட்ட ஒவ்வொரு டன்னுக்கும் அந்தப் பணத்தில் ஒரு பங்கை ஆலைக்கும், ஒழுங்காகப் பிரித்துத் தரும் உணவகத்துக்கு வரிக் கழிவாகவும் கொடுக்கலாம். வாயு விலையை மட்டும் நம்பினால் என்னவாகும் என்பதற்கு 2018 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் சதத் திட்டமே உதாரணம். எண்ணெய் நிறுவனங்கள் வாயுவை வாங்கிக்கொள்ளும் என்ற உறுதியோடு, 2023-24க்குள் 5,000 ஆலைகள் என்று இலக்கு வைத்தார்கள். அந்த ஆண்டு முடிந்தபோது இயங்கியவை இலக்கின் ஐந்து சதவீதத்தைக்கூட எட்டவில்லை.

திறப்பு விழாவில் ஆலையின் கொள்ளளவு மட்டுமே அறிவிக்கப்படுகிறது. எத்தனை டன் கழிவு உண்மையில் உள்ளே போனது, எவ்வளவு திருப்பி அனுப்பப்பட்டது, எவ்வளவு வாயு வந்தது, கரைசல் எங்கே போனது என்ற நான்கையும் ஒவ்வொரு உள்ளாட்சியும் மாதந்தோறும் வெளியிட வேண்டும். உங்கள் வார்டு கவுன்சிலரிடம் இந்த நான்கையும் கேளுங்கள்.