அப்பளம் கடித்துப் பார்த்து வாங்க வேண்டிய பொருள்

இயர்பிளக் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது பெட்டியில் அச்சிட்டிருக்கும் டெசிபல் எண்ணைத்தான். எது பெரிதோ அதை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். தொழிற்சாலையில் பிரஸ் மெஷின் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்கிறவருக்கு அது சரியான வழி. மிக்ஸி ஓடினால் தலை கிறுகிறுக்கிறது, ஏர் ஹாரன் அடித்தால் நெஞ்சு படபடக்கிறது, மேல்வீட்டில் டைல்ஸ் வெட்டினால் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை என்கிற என்னைப் போன்ற ஆட்களுக்கு அந்த எண் பெரிதாக உதவாது. நமக்குச் சத்தமும் குறைய வேண்டும், கண்டக்டர் கேட்பதும் காதில் விழ வேண்டும்.

அந்த எண்ணே கொஞ்சம் குழப்பமான சமாச்சாரம். அமெரிக்க முத்திரைக்கு என்ஆர்ஆர் என்று பெயர், ஐரோப்பிய முத்திரைக்கு எஸ்என்ஆர். இரண்டும் ஆய்வகத்தில் அளப்பவைதான். ஆனால் ஆளுக்கு ஆள் மாறுபடும் என்பதற்காக அமெரிக்கக் கணக்கில் கூடுதலாகக் கழித்துக்கொள்கிறார்கள். 3எம் நிறுவனத்தின் ஆரஞ்சு நிற 1100 ஃபோம் பிளக்குக்கு அமெரிக்க எண் 29, ஐரோப்பிய எண் 37. பொருள் ஒன்றுதான். ஆன்லைன் கடைகளில் ஒரு கம்பெனி இந்த எண்ணையும் இன்னொரு கம்பெனி அந்த எண்ணையும் போட்டிருக்க, நாம் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருப்போம். போதாததற்கு, தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நியோஷ், ஃபோம் பிளக்கின் முத்திரை எண்ணில் பாதியைத் தள்ளிவிட்டுக் கணக்குப் போடும்படி 1998-ல் சொன்னது. நிஜ வாழ்க்கையில் யாரும் அதை ஆய்வகத்தில் வைப்பதுபோல ஒழுங்காக வைப்பதில்லை என்பதுதான் காரணம்.

எண் சிறிதாக இருந்தாலும் கவலைப்பட வேண்டாம். பத்து டெசிபல் குறைந்தாலே சத்தம் ஏறக்குறைய பாதியானதுபோலக் காதுக்குத் தோன்றும். இருபது குறைந்தால் கால்வாசி. வீட்டு உபயோகத்துக்கு 15 முதல் 20 வரை உண்மையாகக் குறைத்தால் அதுவே தாராளம்.

ஃபோமிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒரு ஜோடி சில பத்து ரூபாய்தான் என்பதால் எல்லோரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். 'வைத்துப் பார்த்தேன், ஒன்றும் பிரயோஜனமில்லை' என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் அதைக் காது வாசலில் செருகிவிட்டு விட்டவர்கள். சுத்தமான, ஈரமில்லாத விரல்களால் மெல்லிய குச்சிபோல ஆகும்வரை உருட்ட வேண்டும். சுருக்கம் விழாமல் உருட்டுவது முக்கியம். எதிர்ப்பக்கக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் வளைந்த காதுத்துளை நேராகும். அப்போது உள்ளே விட்டு, விரிந்து முடியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது: இரண்டு உள்ளங்கைகளாலும் காதை மூடி மூடித் திறந்து பாருங்கள். சத்தத்தில் பெரிய மாற்றம் இல்லையென்றால் உள்ளே நன்றாக அடைத்திருக்கிறது. மாற்றம் தெரிந்தால் எடுத்துவிட்டு மறுபடியும் உருட்ட வேண்டியதுதான். கழற்றும்போது வெடுக்கென்று இழுக்காமல் மெல்லத் திருகி எடுங்கள், செவிப்பறைக்கு நல்லது.

டைல்ஸ் வெட்டும் சத்தத்துக்கு நான் கண்டவற்றில் சரியாக உட்கார்ந்த ஃபோமை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் அதோடு மனிதர்களிடம் பேச முடியாது. ஃபோம் எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் குறைப்பதில்லை. தாழ்ந்த ஒலிகளை ஓரளவுக்கும் உச்ச ஒலிகளை மிக அதிகமாகவும் அடைக்கும். பேச்சில் உயிரெழுத்துகளின் பலம் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. ச, ஸ, த, ட போன்றவற்றைப் பிரித்துக் காட்டுகிற கூர்மை மேலே இருக்கிறது. மேலே உள்ளது போய்விட்டால் யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும், 'பத்து' என்றாரா 'பட்டு' என்றாரா என்று தெரியாது. மளிகைக் கடையில் மூன்று முறை 'என்னண்ணே?' என்று கேட்ட பிறகு கழற்றிப் பையில் போட்டுக்கொள்வீர்கள்.

இரண்டாவது தொல்லை உங்கள் சத்தமே. நாம் பேசும்போதும் மெல்லும்போதும் தாடையின் அதிர்வு எலும்பு வழியாகக் காதுத்துளையின் சுவருக்கு வருகிறது. வாசல் திறந்திருந்தால் அது வெளியே போய்விடும். அடைத்துவிட்டால் போக வழியில்லாமல் செவிப்பறையிலேயே மோதும். அதனால் சொந்தக் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும். நடந்தால் குதிகால் ஒவ்வொரு முறையும் 'தும்' என்று மண்டையில் விழும். பிளக்கை ஆழமாக வைத்தால் இது குறையும், ஏனென்றால் துளையின் வெளிப்பாதியிலுள்ள மென்மையான பகுதிதான் அதிகம் அதிர்கிறது. வாசலோடு நிற்கும் பிளக்குகளில் இந்தத் தொல்லை உச்சத்தில் இருக்கும்.

எந்த பிளக்கை வாங்கினாலும் நான் முதலில் அதை மாட்டிக்கொண்டு ஓர் அப்பளத்தைக் கடித்துப் பார்ப்பது இதனால்தான். மண்டைக்குள் கட்டடம் இடிந்தால் அது சாப்பாட்டு மேஜைக்கு லாயக்கில்லை. பக்கத்தில் இருப்பவர் மெல்லும் சத்தம் பொறுக்காதவர்கள் கவனிக்க: அவர் சத்தம் குறையும், உங்கள் சத்தம் பத்து மடங்காகும். சிலருக்கு அது பரவாயில்லை. எனக்குக் கஞ்சி குடிக்கும் நாட்களில் மட்டும் பரவாயில்லை.

பேச்சு கேட்க வேண்டிய இடங்களுக்கு ஃபில்டர் வைத்த பிளக் என்று தனி இனமே இருக்கிறது. இது இசைக்கலைஞர்களுக்காகப் பிறந்தது. மீட் கிலியன் 1983-ல் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் தொடங்கிய எடிமோடிக் நிறுவனம், மேடையில் வாசிப்பவர்களுக்காகக் காது அச்செடுத்துப் பொருத்தும் பிளக்கைக் கொண்டுவந்தது. திறந்த காதுத்துளை ஏறக்குறைய 2,700 ஹெர்ட்ஸ் அருகே வரும் ஒலிகளை இயற்கையாகவே உயர்த்திக் கொடுக்கிறது. பேச்சின் தெளிவுக்கு அந்த உயர்வு பெரிய காரணம். சாதாரண பிளக் வைத்ததும் அது காணாமல் போகிறது. எடிமோடிக்காரர்கள் உள்ளே ஒரு சிறு குழாயும் ஃபில்டரும் வைத்து அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதனால் எல்லாமே ஒரே அளவில் இறங்குகிறது. ரேடியோவின் வால்யூமைக் குறைத்த மாதிரிதான், நிலையத்தை மாற்றிய மாதிரி இல்லை.

அச்செடுக்கத் தேவையில்லாத மலிவான வடிவம் இஆர்20எக்ஸ்எஸ். உண்மையில் 20 டெசிபல் அளவுக்கு ஒரே சீராகக் குறைக்கும் இதற்கு அமெரிக்க முத்திரையில் 13தான் போட்டிருக்கும். எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறவர் இதைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார். அடுக்கடுக்கான சிலிக்கோன் நுனி உள்ளே நன்றாக இறங்குவதால் அப்பளப் பரீட்சையில் தேறிவிடுகிறது. நீண்ட நேரம் வைத்திருந்தால் துளைச் சுவரில் ஓர் உறுத்தல் வருவது இந்த அடுக்கு வகைக்கே உரிய குணம்.

கல்யாண மண்டபத்துக்கு என் தேர்வு இந்த வகைதான். கெட்டிமேளத்துக்குக்கூட நான் பயப்படுவதில்லை, நாதஸ்வரத்தின் உச்சஸ்தாயி ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். இப்போது வரவேற்புக்குச் செண்டை மேளமும் அதன் பின்னே டிஜேயும் வருகிறார்களே, அங்கேதான் பிரச்சினை. பிளக்கோடு போனால் தாளம் தாளமாகவே கேட்கிறது, பக்கத்து நாற்காலிக்காரர் பேசுவதும் புரிகிறது. ஒரே ஒரு இடைஞ்சல். "என்னப்பா, காதுல மிஷின் வெச்சிருக்கே? இந்த வயசுலயேவா?" என்று ஒரு பெரியம்மா ஊருக்கே கேட்கும்படி விசாரித்தார். இல்லை பெரியம்மா, நன்றாகக் கேட்கிறது, அதுதான் பிரச்சினை என்று சொன்னால் யாருக்கும் புரிவதில்லை.

பெரியம்மாக்களைச் சமாளிக்க லூப் கெட்டிக்காரத்தனமான வழி கண்டது. 2016-ல் தொடங்கிய இந்த பெல்ஜியம் நிறுவனம் பிளக்கை ஒரு வளையமாகச் செய்து நகை மாதிரி ஆக்கிவிட்டது. கம்மலோடு சேர்ந்துவிடும், யாரும் கேட்பதில்லை. அதில் மூன்று பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும். குவையட் 2 முழுக்க சிலிக்கோன், ஒலி போக வழி கிடையாது, ஐரோப்பிய எண் 24. எக்ஸ்பீரியன்ஸ் 2-க்கு எண் 17, இசைக் கச்சேரிக்கும் கூட்டத்துக்கும். எங்கேஜ் 2-க்கு எண் 16, பேச்சுக்காக வடிவமைத்தது. நம் ஊரில் விலை ஆயிரங்களில் போகும். நுனிகள் நான்கு அளவில் வருகின்றன, நான்கையும் பொறுமையாகப் போட்டுப் பாருங்கள். பலருக்கு இடது காதும் வலது காதும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒரு காதுக்குச் சிறியதும் மறு காதுக்கு நடுத்தரமும் போட்டுக்கொள்வதில் தவறே இல்லை. பொதுவாக இந்த வளைய வகைகள் ஆழமாக இறங்காதவை. நான் சோதித்தவற்றில் ஒன்று தலையாட்டிப் பேசினால் மெல்ல நழுவியது. அலுவலகத்தில் உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு ஒத்துவரும்.

தூக்கத்துக்கு வேறு கணக்கு. ஒருக்களித்துப் படுப்பவருக்கு வெளியே துருத்தும் எதுவும் ஆகாது. துளைக்குள் போகாமல் வாசலை மட்டும் மூடும் பிசைகிற சிலிக்கோன் உண்டு, மேக்ஸ் பில்லோ சாஃப்ட் அந்த ரகம். இதன் தாத்தா மெழுகும் பஞ்சும் கலந்த ஓரோபாக்ஸ். மாக்ஸ் நெக்வர் என்ற மருந்தாளர் 1907-ல் ஜெர்மனியில் செய்ய ஆரம்பித்தது. பக்கத்து அறைச் சத்தத்தில் வெந்துபோன எழுத்தாளர் காஃப்கா அதைப் பெர்லினிலிருந்து வரவழைத்துப் பயன்படுத்தினார். மெழுகு நம் சித்திரை வெயிலில் கொழகொழவென்று ஆகிவிடுவதால் இங்கே சிலிக்கோனே மேல்.

ஆடி மாதம் கூழ் ஊற்றும் பந்தலின் கூம்பு ஸ்பீக்கர் உங்கள் ஜன்னலைப் பார்த்து நின்றால் இவை எதுவும் முழுசாகக் காப்பாற்றாது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் அளவு, சிறப்பு அனுமதி இல்லாமல் இரவு பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கியே கூடாது. விதி விதியாக இருக்கிறது. பந்தல் பந்தலாக இருக்கிறது. அந்த இரவுகளில் மட்டும் ஃபோம்.

'என்னிடம் நாய்ஸ் கேன்சலிங் இயர்பட் இருக்கிறதே, அது போதாதா?' என்று கேட்கிறார்கள். பஸ் இன்ஜின், ஏசி, விமானம் என்று ஒரே சுருதியில் ஓடும் தாழ்ந்த இரைச்சலுக்கு அது அற்புதம். அதன் எலெக்ட்ரானிக் வித்தை ஏறக்குறைய 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் நன்றாகப் பலிக்கிறது. குக்கர் விசிலும் எவர்சில்வர் தட்டு கீழே விழும் சத்தமும் அந்த எல்லைக்கு மேலே. அவற்றை அடைப்பது ரப்பர் நுனிதானே தவிர, உள்ளிருக்கும் சிப் இல்லை. அப்படியானால் சார்ஜ் கேட்காத ரப்பர் நுனியையே வாங்கலாம்.

எதை மாட்டினாலும் சாலையைக் கடக்கும்போது ஒரு காதையாவது திறந்து வையுங்கள். பேட்டரி ஆட்டோ வருவது திறந்த காதுக்கே சில சமயம் தெரிவதில்லை. சிலிக்கோனை மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள், ஃபோமைக் கழுவாமல் அழுக்கானதும் தூக்கிப் போடுங்கள். சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் ஈரத்தோடு அடைத்து வைத்த காதில் பூஞ்சை வருவது சாதாரணம். காது அரித்தால், சீழ் வந்தால், குறும்பி உள்ளே அடைத்துக்கொண்டால் பிளக்கை நிறுத்திவிட்டு காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

விற்பவர்கள் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. பிளக்கை நாள் முழுக்க மாட்டிக்கொண்டிருந்தால் காது இன்னும் கூச்சப்பட ஆரம்பிக்கும். ஃபார்ம்பி என்பவரும் அவருடைய சகாக்களும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், காது நன்றாக உள்ளவர்களை இரண்டு வாரம் பிளக்கோடு இருக்கச் சொன்னார்கள். கழற்றிய பிறகு முன்பு சாதாரணமாகத் தெரிந்த சத்தம் அவர்களுக்கு அதிகமாகத் தெரிந்தது. அதற்கு மாறாக, மெல்லிய இரைச்சலைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குச் சத்தத்தைத் தாங்கும் திறன் கூடியிருந்தது. உள்ளே வரும் சத்தம் குறைந்தால் மூளை தன் வால்யூமை ஏற்றிக்கொள்கிறது என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். அதனால் அமைதியான அறையில் 'எதற்கும் இருக்கட்டும்' என்று நான் எதையும் மாட்டுவதில்லை. சாதாரணப் பேச்சே வலிக்கிறது என்ற நிலையில் இருப்பவர்கள் பிளக் தேடுவதற்கு முன் ஆடியாலஜிஸ்ட்டைத் தேட வேண்டும்.

கடைசியாக மிக்ஸி. அரை நிமிடம் ஓடும், நிற்கும், மூடியைத் திறந்து வழித்துவிட்டு மறுபடியும் ஓடும். கை நிறைய தேங்காய்த் துருவலோடு ஃபோம் உருட்ட முடியுமா? அதற்கு பிளக்கே வேண்டாம். சென்னையில் பாரிமுனைப் பக்கம் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடைகளில் ஹெட்போன் மாதிரி தலையில் மாட்டும் இயர்மஃப் கிடைக்கும். ஒன்று வாங்கி அடுப்படியில் கரண்டி மாட்டும் ஆணிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கவிட்டால், ஈரக் கையின் புறங்கையாலேயே ஒரு நொடியில் மாட்டி ஒரு நொடியில் கழற்றலாம். பிளக் உள்ளே போக ஒத்துக்கொள்ளாத குழந்தைகளுக்கும் இதுதான், அளவு மட்டும் சிறிதாகக் கேட்டு வாங்க வேண்டும். எங்கள் வீட்டில் இதுவரை வாங்கிய எல்லாவற்றிலும் தினமும் பயன்படுவது அந்த இயர்மஃப்தான். அதைப் போட்டுக்கொண்டு சட்னி அரைப்பவரைப் பார்த்தால் ஹெலிகாப்டர் ஓட்டுகிறவர் மாதிரி இருக்கிறது என்பதைத் தவிர வேறு குறை சொல்ல எனக்கு இல்லை.